தெருமுனை வரைக்கும்

சூரமங்கலம்,
23-10-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெஸ்ஸி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன்.

போனில் பேசினால் நீங்கள் அழுதுவிடுகிறீர்கள். பிறகு நான்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. கேட்க நினைத்ததைக் கேட்காமலே போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். எந்தத் தேதியில் எந்தப் பள்ளியில் தங்குவீர்கள் என்று உங்கள் பயணத் துண்டறிக்கையில் போட்டிருக்கிறது. இது எடப்பாடிக்கு.

"புற்றுநோய்ச் சிறுவர்களுக்காக, பதினைந்து நாள், அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம்." வரைபடத்தில் நூல் வைத்துப் பார்த்தேன். எடப்பாடி, குமாரபாளையம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர், ராசிபுரம். எங்கே இருந்தாலும் வீட்டுக்கு இரண்டு மணி நேர பஸ். எங்களைச் சுற்றிச் சுற்றியே ஓட்டுகிறீர்கள், வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். தம்பி ஆரோன் இறந்த பிறகு வரும் முதல் திருநாள். மார்ச்சில் அவனை அடக்கம் செய்த நாளோடு சரி, நீங்கள் அந்தக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் தாண்டவே இல்லை. துண்டறிக்கையில் அன்றைக்கு, "பரமத்தி வேலூரில் மாலை பாராட்டுக் கூட்டம்" என்றிருக்கிறது.

நீங்கள் ஓட்டுவது ஆரோனின் சைக்கிள். அவன் கேட்டபோது சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். ரத்தத் தட்டணு குறைவு, விழுந்தால் ரத்தம் நிற்காது என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். "தெருமுனை வரைக்குந்தாம்ப்பா" என்று எப்படிக் கெஞ்சினான்! அவனுக்குத் தெருமுனைகூட இல்லை. உங்களுக்கு அறுநூறு கிலோமீட்டர்.

இரண்டாம் தேதி வருவீர்களா, மாட்டீர்களா?

ஜெஸ்ஸி

எடப்பாடி,
25-10-2025

அன்பு மகள் ஜெஸ்ஸிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நன்றாகக் கவனிக்கிறார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே விசைத்தறிக் கூடம், படுத்தால் தரை அதிர்கிறது. நேற்று இரண்டு பஞ்சர். அம்மாவை மாத்திரை மறக்காமல் போடச் சொல். கணக்கில் கவனம் வை.

இரண்டாம் தேதியை அப்புறம் பார்க்கலாம் சாமி.

அப்பா

சூரமங்கலம்,
28-10-2025

அப்பாவுக்கு,

"அப்புறம் பார்க்கலாம்." ஆரோனிடமும் இதையேதான் சொன்னீர்கள்.

குமாரபாளையத்தில் நீங்கள் பேசிய வீடியோவை உங்கள் பயணக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். "எம் பையன் ஆரோன் கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தானுங்க." எல்லோரும் கைதட்டினார்கள். நான் போனைக் கட்டிலில் வீசிவிட்டேன்.

அவன் எங்கே சிரித்தான்? நீங்கள் அறைக்குள் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். சைக்கிளைப் பூட்டியதிலிருந்து பதினோரு நாள் உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டான். ஏழு மாதமாக இந்த வீட்டுக்குள் நீங்கள் அவன் பெயரைச் சொன்னதில்லை. முகம் தெரியாதவர்களுக்கு மைக்கில் சொல்கிறீர்கள், அதையும் பொய்யாகச் சொல்கிறீர்கள்.

அம்மா என்னைத்தான் அதட்டுகிறார். "உங்கப்பாவ நோண்டாத சாமி. அந்த மனுசன் ஓட்டி அலுத்தாவது தூங்கட்டும்." எங்கள் தூக்கத்துக்கு நாங்கள் எந்த ஊருக்கு ஓட்டுவது?

இதற்கு மேல் எழுதி நான்கு முறை கிழித்தேன். நாம் இல்லாத நேரத்தில் அவன் சைக்கிளை எடுத்துப் போய்வந்தானே, டயரில் ஈர மண்ணைப் பார்த்து உங்களிடம் சொன்னது நான். நான் சொன்னதால்தான் பூட்டினீர்கள். ஆனால் அவன் என்னிடம் கடைசி வரை நன்றாகத்தான் பேசினான். என் கையால்தான் கஞ்சி குடித்தான். நான்தான் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜெஸ்ஸி

திருச்செங்கோடு,
30-10-2025

ஜெஸ்ஸி சாமிக்கு,

அவனுக்குத் தெரியாது.

"யாருப்பா சொன்னாங்க?" என்று கேட்டான். "ட்யூட்டி முடிஞ்சு வாரப்ப ரயில்வே கேட்டுக்கிட்ட நானே பாத்தேன்" என்றேன். கோபம் யார் மேலாவது இருக்கத்தான் போகிறது, அது என்னோடு நிற்கட்டும் என்று நினைத்தேன். பத்து நாளில் தணிந்துவிடுவான் என்று இருந்தேன். இருந்ததே பதினோரு நாள் என்று எனக்குத் தெரியாது சாமி.

கல்லறைக் கேட்டைத் தாண்டினால் அங்கேயும் முகத்தைத் திருப்பிக்கொள்வானோ என்று இருக்கிறது. வேறு காரணம் இல்லை.

இன்று காலை இங்கே பள்ளிக் கூட்டத்தில், "எம் பையன் எம்மேல கோவமாத்தான் போனானுங்க" என்று சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு வாத்தியார் வந்து தண்ணீர் கொடுத்தார்.

இரண்டாம் தேதி பற்றி எழுதக் கை வரவில்லை.

அப்பா

சூரமங்கலம்,
3-11-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை ராசிபுரம் பள்ளிக்கு அனுப்புகிறேன்.

நேற்று பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்து முடித்த பிறகு வந்தீர்கள். பயணக் குழுவின் மஞ்சள் பனியனிலேயே, பரமத்தி வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்கிறீர்கள். அம்மா மெழுகுவத்தியை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அவரும் காலையிலேயே சுண்ணாம்பு அடித்துச் சாமந்தி வைத்துவிட்டோம்.

நீங்கள் கேட்டுக்கு உள்ளே மூன்றடி வந்து நின்றீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே வந்தேன். சைக்கிள் பூட்டுச் சாவியை என் கையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். இனி அந்தச் சைக்கிளைப் பூட்ட முடியாது. ராசிபுரத்தில் பார்த்து வையுங்கள்.

எனக்காக அவன் கோபத்தை வாங்கிக்கொண்டீர்கள். அதை மார்ச்சிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கும் சேர்த்து இப்போது கோபம் வருகிறது.

நீங்கள் நின்ற இடத்திலிருந்து ஆரோன் இருக்கும் இடத்துக்கு, போய்வந்து இரண்டு முறை எண்ணினேன். எண்பத்திரண்டு அடி. நம் வாசலிலிருந்து தெருமுனையைவிடக் குறைவு.

புதன்கிழமை பயணம் முடிந்ததும் வீட்டுக்கு வராதீர்கள். நேராக அங்கே வாருங்கள். பள்ளி விட்டதும் நான் கேட்டில் நிற்பேன். கோபமாகத்தான் நிற்பேன், கூடவே நடப்பேன்.

உங்கள் மகள்,
ஜெஸ்ஸி