இருபதாம் வரிசை வரை வீட்டார்

குட்டியின் அப்பாவுக்கு,

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாவி மீட்டர் பெட்டி மேல். மதியம் சாப்பிட வந்துவிடுவேன். சோறு மட்டும் வையுங்கள், நாலு பேருக்கு.

நேற்று ஃபோனில் உள்ள நம் சமையல் ஷீட், சாப்பிட மூன்று பேர் என்று எண்ணிக் காட்டியது, நீங்களும் மூன்று பேருக்கே வைத்தீர்கள். தங்க வந்திருக்கும் என் அப்பா, "எனக்குப் பசிக்கல மாப்பிள்ளை" என்று ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டார். "எங்கப்பா உங்க கண்ணுக்கு ஆளாவே தெரியலையா?" என்று நான் ஆரம்பித்து, கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன்.

இன்று ஷீட்டைத் திறந்து பார்த்தேன். அவர் வந்த அன்றே பெயரைச் சேர்த்திருக்கிறீர்கள், பக்கத்தில் "சோறு குழைய" என்று வேறு. ஆனால், "வீட்டார்" என்று நான் பெயர் வைத்த மூன்று கட்டங்களுக்குக் கீழே. அந்தப் பெயருக்குள் இருப்பவர்களைத்தான் ஷீட் எண்ணும். அதை உங்களுக்குச் சொல்லாதது என் தப்பு.

சண்டைக்குப் பிறகு உங்கள் பெயரை வெட்டி எடுத்து, எல்லாருக்கும் கீழே தள்ளி இருபதாம் வரிசையில் ஒட்டியிருப்பதையும் பார்த்தேன்.

"வீட்டார்" இப்போது இருபதாம் வரிசை வரை.

பி.கு: இன்னும் கீழே போனீர்கள் என்றால் இன்னும் நீட்டுவேன். சோறு குழைய.