அவள் காதில் பேசும் ஆள்

மார்ச் 3, செவ்வாய்

ரயில் நிலையத்தில் தானியங்கிக் கதவு வைத்து இன்றோடு ஒரு மாதம். போனைக் காட்டினால் கதவு தானே திறந்து ஆளை உள்ளே விடுகிறது. இருபத்தெட்டு வருடம் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவனுக்கு இப்போது என்ன வேலை? "போனைத் திருப்பிக் காட்டுங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று நாள் முழுக்கச் சொல்வது. இதற்கு ஒரு சீருடை வேறு.

ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. டிக்கெட் இல்லாதவனை இன்றைக்கும் பத்தடி தூரத்திலேயே சொல்லிவிடுவேன். அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான். எனக்குப் பக்கத்தில் இருக்கிற சுவரைப் பார்ப்பான்.

வீட்டுக்கு வந்தால் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். வலது காதில் அந்தச் சின்னக் கருவி. "என்ன கேக்குற?" என்றேன். "சும்மா, பாட்டு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இவள் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 5, வியாழன்

ஆண் குரல்!

சாயங்காலம் படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒருத்தன் பேசுகிறான். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அவசரமே இல்லாத, கோபமே வராத குரல். நான் இந்த ஜென்மத்தில் அப்படிப் பேசியதில்லை. கதவைத் திறந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு?"

"யாருமில்லீங்க. பொண்ணு ஏதோ வீடியோ அனுப்பியிருந்தா."

மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். வாசலுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். "நான் எதுவும் அனுப்பலியேப்பா" என்றாள். பிறகு, "ஆங், ஆமாப்பா, அனுப்பினேன், அனுப்பினேன்" என்றாள். இப்படி மாற்றிப் பேசியவர்கள் எத்தனை பேரை அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டிருக்கிறேன்! ஆக, தாயும் மகளும் கூட்டு. நான் ஒருத்தன்தான் வெளியாள்.

மார்ச் 8, ஞாயிறு

யோசிக்க யோசிக்க எல்லாம் சேர்ந்து வருகிறது.

அவள் செய்தித்தாளைத் தொட்டு ஆறு மாதம் இருக்கும். குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமலே என் கையில் கொடுத்து, "என்னன்னு பாருங்க" என்கிறாள். வீட்டு விஷயத்தில் அக்கறை விட்டுப்போச்சு என்றுதானே அர்த்தம்? போன வாரம் என் சட்டையில் ஒரு பட்டன் அறுந்தது. தையல்காரரிடம் கொடுக்கச் சொன்னாள். ஒரு பட்டனுக்கு! "எனக்கு நேரமில்லீங்க." எனக்குப் பட்டன் தைக்க நேரமில்லை, அவனோடு பேச மட்டும் நேரம் கொட்டிக் கிடக்கிறதா?

இன்று அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்தேன். பூட்டு. இத்தனை வருடமாக இந்த வீட்டில் யாரும் போனைப் பூட்டியதில்லை.

முப்பது வருடமாக ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்ட்டரில் வேலை செய்கிறவள். ஒரு நாளைக்கு ஐநூறு பேர் வந்து போகிற இடம். அதில் எவன்?

மார்ச் 9, திங்கள்

அவள் கைப்பையைத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 12, வியாழன்

மீசையிடம் சொல்லிவிட்டேன். நானும் அவனும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மீசையை எடுத்துப் பத்து வருடம் ஆகியும் அவன் பெயர் மீசைதான். ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டே கேட்டான். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"நேரா கேட்டுத் தொலையேன்டா."

"கேட்டா சொல்லிடுவாளா? டிக்கெட் இல்லாதவன் என்னிக்காவது இல்லன்னு சொல்லியிருக்கானா?"

"அவங்க உன் பெண்டாட்டிடா, பயணியில்ல" என்றான். பெரிய நியாயஸ்தன். அவன் வீட்டில் இப்படி ஒரு குரல் கேட்டால் தெரியும்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் இல்லை, பயம். மகள் போய்விட்டாள், வேலையைக் கதவு எடுத்துக்கொண்டுவிட்டது. இவளும் போய்விட்டால் நான் யாரிடம் எரிந்து விழுவேன்?

மார்ச் 17, செவ்வாய்

இன்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்குத் தெரியாது.

மருந்துக் கவுன்ட்டர் நான்கு. கண்ணாடிக்குப் பின்னால் மூன்றாவதில் அவள். மேலே சிவப்பு எழுத்தில் டோக்கன் எண் ஓடுகிறது. தூண் ஓரமாக, இருமுகிறவர்களோடு நானும் இருமிக்கொண்டு நின்றேன். காதில் அந்தக் கருவி இருந்தது. சீட்டை வாங்குவாள், மேசைக்குக் கீழே கொண்டுபோவாள், குனிந்து ஒரு நிமிடம் அசையாமல் இருப்பாள். பிறகு எழுந்து போய் மருந்தை எடுத்து வருவாள். மறுபடியும் மேசைக்குக் கீழே. ஒவ்வொருத்தருக்கும் இதே கதை. வேலை நேரத்திலுமா அவனோடு பேச்சு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்துக் கவுன்ட்டர் வரைக்கும் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தால் மேசைக்குக் கீழே தெரிகிறது.

போனின் கேமராவை மாத்திரை அட்டைக்கு மேலே பிடித்திருந்தாள். காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு பெரியவர், கொடுத்த அட்டையைத் திருப்பி நீட்டினார். "ஏம்மா, நான் எப்பவும் சாப்பிடுறது வெள்ளையா இருக்கும். இது மஞ்சளா இருக்கே?" அவள் முகம் வெளிறிவிட்டது. அட்டையை மறுபடி போனுக்குக் காட்டினாள். கேட்டாள். எழுந்து போய் வேறு அட்டை கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த ஆள் யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. எழுத்தைக் காட்டினால் வாசித்துச் சொல்கிற போன். நிலையத்துக்கு வரும் பார்வையற்ற பயணி ஒருவர் வைத்திருக்கிறார், பார்த்திருக்கிறேன். இவள் கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அப்பாடா, எவனும் இல்லை! அதற்குப் பிறகுதான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அறுபது பேராவது இருப்பார்கள்.

மார்ச் 18, புதன்

கேட்டுவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வருஷமாச்சு. நடுவுல மட்டும் தெரியாது, ஓரமெல்லாம் தெரியும். உங்க மூஞ்சிய நேரா பாத்தா வெறும் புகையா இருக்கும். சுவத்தைப் பாத்தாதான் ஓரத்துல நீங்க கொஞ்சம் தெரிவீங்க."

கண் டாக்டர், போனது திரும்பாது, இதோடு நின்றால் பெரிய விஷயம் என்றாராம். மகள்தான் அந்த வாசிக்கிற செயலியைப் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயா? சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்ட மனுஷன் நீங்க. மறுநாளே என்னை வேலைய விட்டு நிறுத்தியிருப்பீங்க. அந்த கவுன்ட்டர விட்டா எனக்கு வேற என்னங்க தெரியும்?"

அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன்.

"அதான் கண்டுபிடிச்சு மாத்திக் கொடுத்துட்டேனே."

"அவர் கண்டுபிடிச்சார். நீ இல்ல."

துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த வரிசை?

மார்ச் 20, வெள்ளி

இரண்டு நாள் லீவு எடுத்திருப்பதாகச் சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது, வைத்துவிட்டேன். மத்தியானம் பாதி வேலையில் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் படுத்திருந்தாள்.

"செக் பண்ண வந்தீங்களா?"

"ஆமா."

"நாளைக்கும் வருவீங்களா?"

"வருவேன்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 23, திங்கள்

காலையில் அவளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். "கேட் வரைக்கும் வாங்க, உள்ள வர வேணாம்" என்றாள். ஒன்றரை மணி நேரம் வெளியே நின்றேன். வந்தவள், "சொல்லிட்டேன்" என்றாள். பஸ்ஸில் என் கையைப் பிடித்திருந்தாள், இறங்கும்வரை விடவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

இந்த ஒரு வருடத்தில் இவள் கொடுத்த மருந்துகளை எல்லாம் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். நான்கு பேரைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வாரம் அளவு கூடிப் போயிருக்கிறது. ஆபத்து ஒன்றும் இல்லை என்று தலைமை மருந்தாளர் போனில் சொன்னார். "ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க? இல்லன்னுதானே?" என்று மூன்று தடவை என்னைக் கேட்டாள். பிறகுதான் அழுதாள். இந்த இரண்டு வாரத்தில் முதல் தடவை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் விசிறியின் வேகத்தைக் கூட்டினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் முடிவு வரவில்லை. நோயாளிகளுக்குப் போனில் சந்தேகம் தீர்க்கிற பிரிவில் போடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறதாம். போட்டால்தான் நிச்சயம்.

காலை டீ குடிக்கும்போது கேட்டாள். "தினம் என்னமோ எழுதுறீங்களே, எல்லாம் என்னைப் பத்தித்தானே?"

மழுப்பினேன்.

"மழுப்பாதீங்க. போனை வெச்சுப் படிக்கப் பாத்தேன். உங்க கோழிக் கிறுக்கல் அதுக்குப் புரியல. ரெண்டு தடவை பாத்தேன், மூணாவது தடவையும் பாத்தேன்."

அப்படியானால் இவளும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்! கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எந்த வாயோடு கோபப்படுவது?

"நீங்களே படிங்க" என்றாள்.

படித்தேன். பட்டன் இடத்தில் சிரித்தாள். கைப்பை இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. ஒற்றை வரிதான், தாண்டினால் அவளுக்குத் தெரியப் போவதில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க? தாண்டப் பாக்குறீங்களா?"

தாண்டவில்லை. எல்லாவற்றையும் படித்தேன், அந்த அப்பாடாவையும் சேர்த்து. பிறகு, "பேனாவ எடுங்க, நான் சொல்றதையும் எழுதுங்க" என்றாள்.

"இருபத்தாறு வருஷம் கூட இருந்தவர். செய்தித்தாள் படிக்கல, கடிதம் பிரிக்கல, பட்டன் தைக்கல, மூஞ்சியப் பாக்கல, எல்லாத்தையும் கவனிச்சிருக்கார். என் மேல சந்தேகம் வந்துச்சு. ஒரு தடவைகூட என் கண்ணு மேல வரல."

ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.