சின்னவன் பயந்தது இதற்குத்தான்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் நலம். கடிதம் என்றால் முதல் வரியில் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று தாண்டிப் போய்விடாதே, இன்னொரு முறை படி, உண்மையாகவே நலமாக இருக்கிறோம், உன் அம்மா போன பிறகு இந்த வார்த்தையை மனசறிந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நான் அழுதுவிடுவேன், அங்கே நீ என்னமோ ஏதோ என்று பதறிப்போவாய், அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்று. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொன்னாயே, அது வேண்டாம் அம்மா. ஆபீசில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள். உன் தம்பிக்கு என்ன என்று தெரிந்துவிட்டது.

அவன் போனுக்கு வரமாட்டேன் என்றது மட்டும்தான் உனக்குத் தெரியும். இங்கே நடந்ததில் பாதியை நான் உனக்குச் சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் ஒரே போர்வைக்குள் கிடந்தவர்கள், அவன் தன் பாயைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவோரம் போட்டுக்கொண்டான். தன் தம்ளரைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைப்பான். உன் தங்கை பக்கத்தில் போனால் தள்ளிவிடுவான், ஒருநாள் கையைக் கடித்தே விட்டான், பல் பதிந்துவிட்டது. அவளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, என்னடா நான் என்ன பண்ணேன் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், கடைசியில் அவளும் ஓய்ந்துவிட்டாள். வீட்டில் ஆளுக்கொரு மூலை. லிப்ட் பழுதானால் எந்தச் சக்கரம், எந்தக் கம்பி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், இந்தப் பிள்ளை சத்தமே போடாமல் இருந்தால் நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது.

போன சனிக்கிழமை காலையில் உன் தங்கைக்கு நல்ல ஜுரம். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். அந்த நேரம் பார்த்து, ஒரு கட்டடத்தில் லிப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள், உடனே வா என்று போன். கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். ஆட்களை இறக்கிவிட்டு, லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. மேலே ஏறி வந்தால் வரிசையாகத் தையல்கார அம்மாவின் அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். "சின்னவனக் காணோம்ண்ணே, செருப்பு இல்ல, ஸ்கூல் பையில இருந்த புத்தகமெல்லாம் தரையில கெடக்கு, போர்வையையும் தண்ணி பாட்டிலையும் காணோம்" என்றார். போட்டது போட்டபடி வண்டியை எடுத்தேன். பள்ளிக்கூட வாசல், பூங்கா, மிட்டாய்க் கடை என்று ஒரு இடம் விடவில்லை. எங்கும் இல்லை. போலீசுக்குப் போகலாம் என்று அவன் போட்டோவை எடுக்க வீட்டுக்கு வந்தால், உன் தங்கை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, செருப்புப் போட்டுத் தயாராக மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். தையல்கார அம்மா பிடித்து இழுத்தும் படுக்கவில்லையாம். "அப்பா, அவன் டிப்போவுக்குத்தான் போயிருப்பான், வண்டிய எடுங்க" என்றாள். உனக்கு நினைவிருக்கும், அம்மா பள்ளிக்கூட லீவு நாளில் இரண்டையும் தான் வேலை பார்த்த பஸ் டிப்போவுக்குக் கூட்டிப்போவாள், பஸ்ஸைக் கழுவி முடிக்கிற வரைக்கும் கடைசி நீளச் சீட்டில் இரண்டும் படுத்துக்கொண்டு ஊர்வம்பு பேசும்.

ஸ்கூட்டரில் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், அவள் சூடு என் முதுகில் தெரிந்தது. டிப்போ வாசலில் காவலாளி அப்படி ஒரு பையனும் வரவில்லை என்று சத்தியம் செய்தார். இவள் அவரைக் கேட்கவே இல்லை, பின்பக்கம் ரிப்பேருக்கு நிறுத்தியிருக்கும் வண்டிகளைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். சக்கரம் கழற்றிக் கட்டைமேல் நிற்கிற ஒரு பஸ், அதில் கண்ணாடி எல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தது. படியில் ஏறிப் பார்த்தால் கடைசி சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இவன். எனக்கு உயிர் வந்தது. கூப்பிட வாயெடுப்பதற்குள் அவன் கத்தினான். "கிட்ட வராத! வந்தா நீயும் செத்துப்போயிடுவ!" நான் அப்படியே நின்றுவிட்டேன். உன் தங்கை நிற்கவில்லை. "எனக்குத்தான் ஏற்கனவே ஜுரம் வந்தாச்சே, இனிமே புதுசா என்ன வரப்போவுது, தள்ளி உக்காருடா" என்று சொல்லி அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஜன்னலோரமாக ஒடுங்கினான், அவளும் கூடவே நகர்ந்தாள். அதற்கு மேல் நகர இடமில்லை. அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

அம்மாவை எடுத்துப்போன அன்று உன் அத்தை அழுதுகொண்டே யாரிடமோ சொன்னாளாம், "புள்ளைக்குக் காய்ச்சல்னு கண்ணு மூடாம பாத்தா, அவன் காய்ச்சல வாங்கிக்கிட்டு அவ போயிட்டா" என்று. துக்கத்தில் யாரும் பேசுகிற பேச்சு. இவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். என்னாலதான் அம்மா செத்துட்டாங்க, நான் பக்கத்துல படுத்தா நீயும் செத்துடுவ, அதான் தள்ளிப் படுத்தேன், அப்படியும் உனக்கு வந்துடுச்சு, அதான் யாரும் இல்லாத எடத்துக்கு வந்துட்டேன் என்றான். ஏழு வயசுப் பிள்ளை இத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான்.  அவன் கடித்த அதே கையால்தான் உன் தங்கை அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பான் என்று பட்டது. இருவரையும் வண்டியில் ஏற்றி நேரே நம் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முதலில் உன் தங்கையைப் பார்த்து, சாதாரண சளி ஜுரம்தான் என்று மருந்து எழுதினார். பிறகு இவனை எதிரே உட்கார வைத்தார். உனக்கு ஜுரம் வந்தப்ப வேற யார் மேலெல்லாம் இருமின என்று கேட்டார். அப்பா, அக்கா, கிளாஸ்ல பக்கத்துல உக்கார்றவன், டீச்சர் என்றான். அவங்கெல்லாம் எப்படி இருக்காங்க என்றார். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்காங்க, டீச்சர் திட்டக்கூட செய்றாங்க" என்றான். அப்புறம் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, இங்கே ஒரு இடத்தில் உன் அம்மாவுக்குப் பிறக்கும்போதே ஒரு குறை இருந்திருக்கிறது, அது யாருக்கும் தெரியவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துத்தான் சொன்னார்கள், உன் இருமலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இவன் விடவில்லை. நிஜமாவா, நான் அழாம இருக்கறதுக்காகச் சொல்றீங்களா என்று கேட்டான். டாக்டரம்மா, "நான் பொய் சொல்றது ஊசி போடும்போது மட்டும்தான், வலிக்காதுன்னு. மத்தபடி சொல்றதில்ல" என்றார். கடைசியாக ஒன்று கேட்டான், பெரியவளே, நீ உட்கார்ந்துகொண்டு படி. "போன்ல பேசினா பெரியக்காவுக்கும் வருமா?" டாக்டரம்மாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வராது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்றார். அதற்குப் பிறகுதான் அழுதான். அம்மா போன அன்றுகூட அழாதவன், அன்றைக்கு அடுத்த நோயாளி எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதான். நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அத்தையிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. கடைசியில் இவன்தான் அவளைத் தேற்றினான், "விடுங்க அத்தை, தெரியாம சொல்லிட்டீங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி. பாய் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உன் தங்கைக்கு ஜுரம் விட்டுவிட்டது, அவளிடமிருந்து இவனுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்திருக்கிறது. அதில் இவனுக்கு ஒரே பெருமை. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இது அக்காகிட்டேருந்து எனக்கு வந்துச்சு, ரெண்டு பேருமே சாகல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். தையல்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். இப்போதுகூட உள்ளே ஜன்னலோரம் யாருக்கு என்று ரகளை நடக்கிறது. நான் எழுந்து போகவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் அம்மா, நீ தீர்க்காயுசாக, மனநிறைவோடு இரு. வலிக்கிறது என்றாயே, அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்காதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, சின்னவன்தான் எடுப்பான், என்ன பேசுவது என்று அக்காவிடம் கேட்டு வைத்திருக்கிறான். அவன் குரலைக் கேட்டதும் உனக்கு அழுகை வந்தால் அடக்காதே. அங்கே தனியாக இருந்துகொண்டு நீயும் இதுவரை அழுதிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவன் பயப்படமாட்டான், போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஆசிகளுடன்,
உங்கள் மூன்று பேருக்கும் அப்பா