இலையின் நுனி இடப்பக்கம்

பசி பொறுக்காத என் அண்ணாவுக்கு,

இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரியில் எல்லாரும் சௌக்கியம். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் வெள்ளைக்கோலை எடுத்து உள்ளே வைக்க இன்னும் எனக்கு மனசு வரவில்லை. அது கிடக்கட்டும். இன்றைக்கு உன்னிடம் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எல்லையில் கண்ணிவெடியில் பார்வை போய் நீ வீடு திரும்பினாய். இரண்டு வருஷம் சோறு, குழம்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து கிண்ணத்தில் போட்டு, உன் கையில் ஸ்பூனைக் கொடுத்தேன். அதைத்தான் பாசம் என்று நினைத்திருந்தேன். நீயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் அண்ணா சொல்லவில்லை?

அப்புறம்தான் பார்வையிழந்த முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து ஜோஸ் சேட்டன் வந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள், பன்னிரண்டு மணியில் ஊறுகாய், மூன்று மணியில் தேங்காய் போட்ட பொரியல், அதுதான் தோரன் என்று பாடம் எடுத்தார். நீ சிரித்துவிட்டாய்.

"மணியெல்லாம் எதுக்கு சேட்டா? இலையைப் போடச் சொல்லுங்க. ஊறுகாய் எங்கே, பப்படம் எங்கேன்னு எனக்கு அஞ்சு வயசிலேயே தெரியும்."

அன்று நீயே பிசைந்து சாப்பிட்டாய். மூன்று தடவை சோறு கேட்டாய். எனக்கு வெட்கம் தாங்காமல் சமையலறையில் போய் அழுதேன். அதற்குப் பிறகு சங்கத்தின் மாதச் சாப்பாடும் இலைக்கு மாறியது. இப்போதும் அங்கே நான்தான் பரிமாறுகிறேன்.

இந்த மாதம் தோப்பும்படியிலிருந்து சஜீவன் வந்திருந்தான். முப்பது வயது, உன்னைப் போலப் பட்டாளத்தில் இருந்தவன். பார்வை போய் ஆறு மாசம். அம்மாதான் ஊட்டிவிடுகிறார். நாலு பேர் எதிரில் சாப்பிட மாட்டானாம்.

"இன்னு இவன் கழிச்சில்லெங்கில் இனி ஞங்கள் வரில்லா" என்று அந்த அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். சாப்பிடாவிட்டால் இதுதான் கடைசி. வராவிட்டால் நடைப் பயிற்சி, கம்ப்யூட்டர் வகுப்பு எல்லாம் போச்சு. வீட்டு மூலையிலேயே உட்கார்ந்துவிடுவான்.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இலை போட்டேன். சஜீவன் கையை மடியிலேயே வைத்திருந்தான். அம்மாவின் கை அவன் இலைப் பக்கம் போனது. "நீங்களும் உட்காருங்க" என்று அவருக்கும் ஓர் இலையைப் போட்டேன். ரொம்ப நேரம் கழித்து அவன் கை மேலே வந்தது. இலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய் நின்றது.

"சேச்சி, இல திரிஞ்ஞாணல்லோ கெடக்குன்னே."

இலை திரும்பிக் கிடக்கிறதாம். பார்த்தால் நுனி வலப்பக்கம் இருக்கிறது. இத்தனை வருஷம் இலை போட்ட கை! ஜோஸ் சேட்டன் விடுவாரா? "சேச்சிக்கும் நம்ம சங்கத்தில் மெம்பர்ஷிப் கொடுக்கலாம்" என்றார். பந்தியே சிரித்தது. சஜீவனும் சிரித்தான். இலையை அவனே திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்தான். பரிமாறி முடித்ததும் அவன் விரல் நேராக ஊறுகாய்க்குப் போனது. முழுச் சாப்பாடும் சாப்பிட்டான், அண்ணா.

வேண்டுமென்றே இலையைத் திருப்பிப் போட்டேன் என்று அந்த அம்மா நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் தலையாட்டி வைத்தேன். பொய்தான். கவனப்பிசகில் போட்டது. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

கை கழுவும் இடத்தில் அவனிடம் மெதுவாகக் கேட்டேன். தனியாகச் சாப்பிடத் தெரிந்தும் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?

"அம்மைக்கு வெஷமமாவில்லே, சேச்சி?"

அம்மா வருத்தப்படுவாராம். அதனால் அவர் ஊட்ட ஊட்ட ஆறு மாசம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டானாம். நீயும் அதற்காகத்தானா, அண்ணா? எனக்காகவா இரண்டு வருஷம் அந்தக் கிண்ணத்தில் சாப்பிட்டாய்?

அடுத்த மாதமும் போவேன். நுனி பார்த்து இலை போடுவேன், கேட்டதைப் பரிமாறுவேன். யார் இலையிலும் என் கை விழாது. இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் சோற்றைப் பிசைந்த தங்கை,
லலிதா