எங்கள் வீட்டிலும் மூட்டைப்பூச்சி

லீட்ஸ்
1936 மார்ச்

அன்புள்ள ஹெட்லி,

ஆமாம், உன் அம்மாவும் புது வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியும் வந்துவிட்டது. அம்மா என்னோடு மட்டும் பேசுவதில்லை.

இடிக்கப்போகும் நம் தெரு உனக்குத் தெரியாததா? சுவர்த்தாளுக்குப் பின்னால் மூட்டைப்பூச்சி இல்லாத வீடு கிடையாது. இருக்கிறது என்று சொல்லும் வாயும் கிடையாது. நகராட்சியின் விதி ஒன்றுதான்: மெத்தை, நாற்காலி எல்லாம் மூடிய வண்டியில் ஏறி, நச்சுப்புகை பட்ட பிறகே புது வீட்டுக்கு வரவேண்டும். ஒரு சாமான் புகை படாமல் தங்கினாலும் புது வீட்டுச் சாவி இல்லை.

சாவி இல்லையென்றால் அறை இல்லை. தனி அறை, திறக்கும் சன்னல். இரண்டும் இருந்தால்தான் உன்னைக் காசநோய் விடுதியிலிருந்து அனுப்புவேன் என்று மருத்துவர் சொன்னது எனக்கு மனப்பாடம்.

வண்டி வந்ததும் உன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "இந்தத் தெருவுலயே வெள்ளையான வாசப்படி என்னோடது. என் வீட்டுல பூச்சியா? என்னையும் சேத்துத் தூக்கிப் போடுங்கடா!" வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார். "இந்தப் புகையப் பூச்சியே தாங்காதும்மா. நீங்க தாங்குவீங்களா?"

எதிர்வீட்டு ஆனி டார்டாஃப் கைகட்டி நின்றாள். அவள் வீட்டு முறை அடுத்த வாரம். "ஏண்டி எனிட், உங்க பூச்சிக்கும் புது வீடு பாத்தாச்சா?"

நம் கல்யாண மெத்தையைத் தெரு நடுவே இழுத்துவந்து போட்டேன். பகல் வெளிச்சம். பூச்சி நசுங்கிய கறைகள்.

"எங்க வீட்டுல பூச்சி இருக்கு, ஆனி. உங்க வீட்டுலேர்ந்து வந்துச்சோ, எங்க வீட்டுலேர்ந்து போச்சோ. புது வீடு பூச்சிக்கு இல்ல. ஹெட்லிக்கு."

யாரும் சிரிக்கவில்லை. உன் அம்மா எழுந்தார். "ஊரே கேக்கச் சொல்லிட்டே. இனிமே உக்காந்து எதைக் காப்பாத்தறது?"

நாற்காலியில் இன்னும் அந்த நச்சுப்புகையின் கசப்பு வாதுமை வாசனை. இன்று காலை அம்மா மண்டியிட்டுப் புது வாசற்படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் என் கால் படும் ஓரத்தை மட்டும் ஈரமாக்காமல் விட்டிருந்தார்.

உன் எடை குறைந்ததை நீ எழுதவில்லை. தாதி எழுதினாள். முட்டையைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுக்காதே. சாப்பிடு. இங்கே உன் அறையில் வேறு யாரையும் படுக்க விடமாட்டேன்.

வந்து சேர். உன் காலாலேயே நடந்து வா.

உன்
எனிட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மாடிக்குப் போய், உன் கட்டிலைச் சன்னலோரம் தள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.