அடிபம்புக்கு ஒரு ரப்பர்

அயித்தை,

உங்கள் துப்பாக்கியின் பின்கட்டையில் நாம் மாட்டிய கறுப்பு ரப்பர் மெத்தை, என் மேசைமேல் செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது. இன்று காலை காவல் நிலையத்திலிருந்து வாங்கி வந்தேன். இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் மோந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் பயம். தைல வாடை அடித்தால், நீங்கள் கடைசிவரை வலியை மறைத்து எங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள். அடிக்காவிட்டால் நான் இன்று வயிறாரச் சாப்பிடுவேன்.

நீங்கள் என்னை ஏமாற்றுவது புதிதில்லைதான். நான் உங்கள் உப்பு ஜாடிக்குள் ரப்பர் பல்லியைப் போட்டால், மறுநாள் என் சாப்பாட்டு டப்பாவில் அதே பல்லி கடுகு, கறிவேப்பிலையோடு தாளித்துக் கிடக்கும். அத்தை முறையில் இருந்துகொண்டு என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்றது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உங்களிடம் எது விளையாட்டு, எது நிஜம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

மாமா போனபின் நாச்சியாபுரம் பக்கத்துக் கடலைக் காட்டை நீங்களே பார்த்தீர்கள். காட்டுப்பன்றியை விரட்ட உங்கள் பெயரிலேயே உரிமம் எடுத்து, கையால் இழுத்துத் தள்ளும் அந்தப் பன்னெண்டு போர் குழல் பம்பு துப்பாக்கியை வாங்கினீர்கள். ஒரு பன்றியையும் நீங்கள் சுட்டதில்லை. சுட்டதெல்லாம் வானத்தைத்தான். "அந்த ஓட்டை வழியாத்தான் ஐப்பசியில மழை ஒழுகுது அயித்தை" என்று நான் சொல்ல, "அப்ப மழைக்கு வரி போட்டு உங்கப்பன்கிட்ட வாங்கித் தா" என்றீர்கள்.

ஆனால் வானத்தைச் சுட்டாலும் உதை தோளுக்குத்தான். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு தைலக் குப்பியைக் கவிழ்ப்பீர்கள். உங்கள் தோள், ரவிக்கை, துப்பாக்கியின் பின்பக்கத் தகடு, எல்லாம் ஒரே நீலகிரித் தைலம். சளி பிடித்த பிள்ளைகளை உங்கள் துப்பாக்கிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும் என்பேன்.

ஒருநாள் தோளில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்ததை அப்பா பார்த்துவிட்டார். "ஆத்தா, இது போதும். துப்பாக்கிய ஸ்டேஷன்ல குடுத்துரு. காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு எங்க வீட்ல வந்து இரு."

"அண்ணன் வீட்டு அரிசியக் களையிறதுக்குப் பதிலா, என் காட்டுக் கடலைய உரிச்சுட்டுப் போறேன்" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அப்பா உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. துப்பாக்கி போனால் காடு போகும், காடு போனால் நீங்கள் விருந்தாளி. அது எனக்கே புரிந்தது.

பின்கட்டைக்கு ரப்பர் மெத்தை மாட்டினால் உதை குறையும் என்று நான் எங்கோ பார்த்துச் சொன்னேன். "வாங்கிட்டு வா. ஆனா கடைத்தெருவுல துப்பாக்கின்னு வாயைத் தொறக்காதே" என்று காரைக்குடிக்கு அனுப்பினீர்கள். நான் வாயைத் திறக்காமல் கேட்ட லட்சணம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் மறுபடி சொல்கிறேன், நமக்குப் பிடித்த கதை இது.

"அண்ணே, பன்னெண்டு போருக்குப் பின்னால மாட்டுற ரப்பர் இருக்கா?"

ஹார்டுவேர் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்டு போரா? ஒரே காட்டுலயா போட்டுருக்கீக? ஒண்ணுலயாச்சும் தண்ணி வருதா தம்பி?"

"தண்ணி வராதுண்ணே. அது பம்பு."

"தண்ணி வராத பம்பு எதுக்குப்பா? மோட்டாரா?"

"இல்ல, கையாலதான் இழுக்கணும். அழுத்துனா அடிக்கும்."

"அட, அடிபம்பு! அதை மொதல்லயே சொல்ல மாட்டியா?" என்று ஒரு தோல் வாஷரைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.

அந்த வாஷரைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "கடைக்காரர் சரியாத்தான்டா சொல்லியிருக்காரு. என்னைய அடிக்கிற பம்பு இது, அடிபம்பேதான்!" அன்றிலிருந்து துப்பாக்கிக்கு அதுதான் பெயர்.

பிறகு உரிமத்தை எடுத்துக்கொண்டு நீங்களே திருச்சித் துப்பாக்கிக் கடைக்குப் போய்வந்தீர்கள். ரப்பர் மெத்தை, தோளில் மாட்டும் வார், பின்கட்டையில் உறைபோல இழுத்து மாட்டும் தோட்டாப் பை மூன்றும் வந்தன. கடைக்காரர் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். ரப்பரில் தைலம் படக்கூடாது, பட்டால் கொழகொழவென்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தையல் மிஷின் மேசை. தோட்டாக்கள் பீரோவில், சாவி உங்கள் இடுப்பில். இருந்தும் முன்பிடியைச் சரக்கென்று இழுத்து, உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்து, என் பக்கம் காட்டினீர்கள். "நல்லாப் பாத்துக்க மருமகனே. உன் மண்டை மாதிரியே காலி."

பழைய தகட்டைக் கழற்றியபோது தைலத்தில் எனக்குக் கண்ணீரே வந்தது. புது மெத்தை கட்டையைவிடப் பெரிதாக இருந்தது. கட்டைமேல் டேப் ஒட்டி, பிதுங்கிய ரப்பரை உப்புத்தாளால் தேய்த்தேன். மூஞ்சியெல்லாம் கரி. "தேச்சுக்கிட்டே இரு, நீ செவக்குற வரைக்கும்" என்று கடலை கொறித்தீர்கள். திருகாணி போகும் கீறல் கிழியாமலிருக்க முனையில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னது மட்டும் நீங்கள். மற்றபடி மேற்பார்வை.

வார் மாட்டினோம், பை மாட்டினோம். "நகை போட்ட பொண்ணு மாதிரி இருக்குல்ல?" என்றீர்கள். "குதிரை இருக்கு, மாப்பிள்ளை அழைப்பே வச்சிரலாம்" என்றேன், விசைக் குதிரையைக் காட்டி. தலையில் ஒரு குட்டு விழுந்தது.

சாயங்காலம் காட்டில் வெள்ளோட்டம். நீதிபதி அப்பா. ஒரு வெடி வெடித்து, நீங்கள் முகம் சுளித்தால் மறுநாளே ஸ்டேஷன். அதுதான் பேச்சு.

வெடித்தீர்கள். மயில்கள் கத்தின. உங்கள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அப்பா மூச்சு விடுவதற்குள், "ஐயோ!" என்று தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தீர்கள். அப்பா வேட்டியை மறந்து ஓடினார்.

"என்னாத்தா? என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லண்ணே. வலிக்கும்னு நெனச்சேன், வலிக்கல. அந்த அதிர்ச்சி."

அப்பா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் காடு உங்களிடமே இருந்தது.

இந்த ஆவணியில் காய்ச்சல் வந்தது. சில நாளிலேயே போய்விட்டீர்கள். அடிபம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் துக்கம் கேட்க வந்த ஒரு பெரியம்மா, "தோள்வலியோடவே காலத்த ஓட்டுனா பாவம். வெளிய சொல்ற ஆளா அவ?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். நான் என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஒருவேளை அந்த "ஐயோ" நிஜமா? நிஜமாக வலித்து, வாய் தவறிக் கத்திவிட்டு, அதை மறைக்கத்தான் நகைச்சுவையா? நான் மாட்டிய ரப்பரை நம்பி அத்தனை நாள் பல்லைக் கடித்தீர்களா? கேட்க நீங்கள் இல்லை. துப்பாக்கியும் அதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

இன்று கூப்பிட்டு, உரிமத்தில் இல்லாத உருப்படிகளைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டியவனே மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றி, ரப்பரைத் தாளில் சுற்றினேன். தோட்டாப் பையை உருவியபோது ஏட்டையா கையை நீட்டித் தடுத்தார். "உள்ள என்னமோ கனமா இருக்கே? தோட்டா எல்லாம் ஒப்படைச்சாச்சுன்னு எழுதிக் குடுத்தீகளே?"

கூட வந்த அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஏட்டையா மூடியைத் திறந்து, உருளையாக ஒன்றை மெதுவாக உருவி மேசையில் வைத்தார். வரி வரியாக, பொன்னிறமாக.

"இது என்ன தோட்டா தம்பி?"

"சீப்புச் சீடை சார். பதம் தப்பினா இதுவும் வெடிக்கும்."

ஸ்டேஷனே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், உங்களை எடுத்துப் போனபிறகு முதல்முறையாக. பசிக்கு வைத்திருந்தீர்களா, யாரையாவது பயமுறுத்தவா, தெரியவில்லை. சிக்கு வாடை அடித்தது. இருந்தாலும் ஏட்டையா பார்க்காதபோது ஒன்றைக் கடித்தேன்.

சரி, தாளைப் பிரிக்கிறேன்.

நடுவில் உங்கள் தோள் பதிந்த இடம் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. நிறைய வெடித்திருக்கிறீர்கள். அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது, கொழகொழப்பு இல்லை. ஓரத்தில் நான் தேய்த்த கோணல்கூட அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு மோந்தேன். ரப்பர். கொஞ்சம் விளக்கெண்ணெய். சேலை சோப்பு. இன்னொரு தடவை மோந்தேன். திருகாணி ஓட்டைக்குள் மூக்கை விட்டு மோந்தேன். தைலம் இல்லை அயித்தை. சொட்டுக்கூட இல்லை.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

அப்பா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "என்னடா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. வாடை வரும்னு நெனச்சேன், வரல. அந்த அதிர்ச்சி."

திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. என் கையிலிருந்து ரப்பரை வாங்கி, அவரும் ஒருமுறை மோந்து பார்த்தார்.