நான் சாத்திய சன்னல்

இன்று காலை லேசர் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். ஏழு மாதமாகத் தூக்காத மூடி. உள்ளே அதே வாடை. பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் போட்டு, மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவினால் எப்படி இருக்கும், அப்படி. நீ விட்டுப்போன சேலையில் இருந்த உன் வாசம் எப்போதோ போய்விட்டது. உன் குரல்கூடச் சில நாள் நினைவுக்கு வர மறுக்கிறது. இந்தப் பாழாய்ப்போன வாடை மட்டும் போகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும், எழுதினால் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. யாரிடம் கொடுத்து அனுப்புவாய் என்று கேட்காதே.

இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. என் தம்பி தேனியில் பரிசுப்பொருள் கடை வைத்து, அது நொடித்துப்போய், மிச்சமிருந்த சாமான்களை ஜீப்பில் ஏற்றிக் கம்பம்மெட்டுக்கு அனுப்பினான். அதில் இதுவும் ஒன்று. நீ சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இதென்னது, இட்லி அவிக்கவா?" என்று கேட்டாய். நாம் இரண்டு பேரும் அப்போது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய் பிரித்துக்கொண்டிருந்தோம். பதினெட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே குவியலில் கைவைத்தவர்கள். உலர்த்தும் அறையின் புகையும் தூசியும் நெஞ்சுக்குள் போய் உனக்கு ஏற்கெனவே இளைப்பு இருந்தது. படி ஏறினால் பாதியில் நின்று, காட்சி பார்ப்பதுபோல் நடிப்பாய். அந்த ஸ்டோரிலிருந்து நம் இருவரையும் வெளியே கொண்டுவந்துவிடும் என்று நான் இந்தப் பெட்டியைத்தான் நம்பினேன்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். ஸ்டிக்கர் தாளில் இரண்டு அடுக்கு. மேலே படம் அச்சடித்த தாள், அடியில் வழுக்குத் தாள். லேசர் படத்தின் ஓரமாகவே சுற்றி வந்து மேல் தாளை மட்டும் அறுக்க வேண்டும். அடித்தாளில் கீறல்கூட விழக்கூடாது. அப்போதுதான் நகத்தால் நெம்பினால் படம் மட்டும் தனியாக உரிந்து வரும். தம்பி போனில் சொன்ன சூட்டை வைத்து நான் முதலில் ஓட்டியபோது இரண்டு தாளும் சேர்ந்து அறுந்து, படங்கள் பொலபொலவென்று கொட்டின. சூட்டைக் குறைத்தேன். பாதிப் பூ கையோடு வந்தது, பாதி தாளோடு நின்றது. ஒரு கட்டுத் தாளைப் பாழாக்கியதும் நான் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, நாசமாய்ப் போக என்று வைதேன்.

நீ வையவில்லை. "காய் பிரிக்கையில மழை நாளைக்கு ஒரு கை, வெயில் நாளைக்கு ஒரு கை வச்சுக்கிறோம்ல? இதுவும் ஈரத்தப் பாத்துத்தேன் அறுக்கும்" என்றாய். அன்றிலிருந்து தினமும் தாளின் மூலையில் பொட்டளவுக்கு ஒரு வட்டம் போடுவாய். வலது கட்டைவிரல் நகத்தை அதற்காகவே வளர்த்து வைத்திருந்தாய். வட்டம் சுத்தமாக உரிந்து வந்தால் மட்டும் முழுத் தாளையும் ஓட விடுவாய். மூடுபனி காலையில் சூடு கொஞ்சம் ஏற வேண்டும், மத்தியானம் இறங்க வேண்டும். தம்பிக்கே தெரியாத கணக்கு அது. அவன் உன்னிடம் போனில் கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறதா? அன்று முழுக்க உன் கால் தரையில் படவில்லை.

பள்ளிக்கூட நோட்டுகளுக்குப் பெயர், உடும்பஞ்சோலைக் கடைகளுக்கு ஏலக்காய்ப் பாக்கெட் ஸ்டிக்கர், ஜீப் கண்ணாடிக்குச் சாமி படம் என்று ஆர்டர் வந்தது. ஒரு வருடத்தில் ஸ்டோருக்குப் போவதை நிறுத்தினோம். கடைசி நாள் நீ வாசலில் நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை உதறிவிட்டு, "இனி இந்தத் தூசிக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்புறம் மழை வந்தது. காகித ஸ்டிக்கர் நம் மலை மழைக்குத் தாங்கவில்லை. "யக்கா, கம்பத்துல ஒட்டுன பேரு மெட்டு ஏறுறதுக்குள்ள காணாம்" என்று கேலி செய்தார் ஆள் ஏற்றிவரும் ஜீப்காரர் ஒருவர். திருவிழாவுக்கு ஜீப் ஸ்டாண்டு முழுவதற்கும் ஸ்டிக்கர் கேட்டிருந்தார்கள். மழைக்குத் தாங்கும் பிளாஸ்டிக் ரோல் வேண்டுமென்று மதுரையில் ஒரு கடைக்குப் போன் போட்டேன்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. அந்தப் போனில் நடந்ததை நான் உன்னிடம் சொன்னதில்லை.

"எந்த மிஷின்ல போடுவீங்க?" என்று கடைப் பையன் கேட்டான். லேசர் என்றேன். "யக்கா, இது கத்தி மிஷினுக்கு உள்ளது. லேசர்ல போட்றாதீங்க, அந்தப் புகை விஷம்" என்றான். நான் சரி தம்பி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு ரோலை அனுப்பச் சொன்னேன். வியாபாரிகள் சும்மா பயமுறுத்துவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் இருந்தது வேறு பயம். இந்த வேலை நின்றால் திரும்ப ஸ்டோருக்குப் போக வேண்டும். நான் போக மாட்டேன், அவ்வளவுதான். உன் இளைப்பு அந்த நிமிடம் என் நினைவுக்கு வந்ததா என்று ஏழு மாதமாக என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். வந்தது. வந்தும் ரோலை வாங்கினேன்.

ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியின் புகைக்குழாயைச் சன்னல் வழியாக வெளியே விட்டிருந்தோம். காற்று சாரலை உள்ளே தள்ளி, ரோலின் அடித்தாள் ஈரத்தில் ஓரம் சுருண்டது. சுருண்டால் வெட்டு கோணிப்போகும். நான் குழாயை உள்ளே இழுத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினேன். இடுக்கில் சாக்கையும் திணித்தேன்.

"புகை எங்கிட்டுடி போகும்?" என்றாய்.

"அஞ்சு நிமிசந்தான, தானாப் போயிரும்."

நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். "சரி, நீ போயி டீ போட்டுட்டு வா" என்றாய்.

நான் திரும்பி வரும்போது அறைக் கதவை நீ வெளியிலிருந்து சாத்திவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு எனக்கும் தலை வலித்தது. சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் டீ. பிளாஸ்டிக் தாளைப் படுக்கவைத்து மூலை வட்டத்தை உரித்துப் பார்த்ததும், "டீ போட்டுட்டு வாடி." சில நாள் ஆறு தடவை. "மகாராணிக்கு மறுபடியும் டீ கேக்குதோ?" என்று கத்திக்கொண்டே அடுப்படிக்குப் போவேன். பாதிக் கிளாஸ்கூடக் குடிக்க மாட்டாய். அந்தக் கிளாசில் நீயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாய், 'தொட்டா கை ஒடியும்' என்று. நாம் பிளாஸ்டிக்கில் முதலில் வெட்டியது அதுதான். எத்தனை தடவை தேய்த்துக் கழுவினாலும் உரியவே இல்லை.

காகிதம் வெட்டிய நாட்களில் நீ ஒருநாளும் டீ கேட்டதில்லை. அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கார்த்திகைக்குள் பெட்டியின் திருகுகள் எல்லாம் துருப்பிடித்துச் செம்மண் நிறமாகிவிட்டன. நீ விரலால் தொட்டுக் காட்டினாய். நம்ம ஊர்ப் பனிக்கு எதுதான் துருப்பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இரும்பைத் தின்கிற புகை உன் நெஞ்சை என்ன செய்யும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்தேனோ என்னவோ, நிறுத்தவில்லை.

மார்கழியில் உன்னால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலைம்மா பாக்குறீங்க? புகை, தூசி ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

"ஏலக்கா ஸ்டோருல பதினெட்டு வருசம் சார்" என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்.

அவர் எழுதிக்கொண்டார். நான் எக்ஸ்ரே உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வரி சொன்னால் போதும். நீ என் பக்கம் திரும்பினாய். "வெளிய ஒரு டீ சொல்லிட்டு வாடி, நெஞ்சு வறளுது" என்றாய். நான் வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

தை பிறந்து சில நாளில் நீ போய்விட்டாய். நெஞ்சு ஏற்கெனவே கெட்டிருந்தது, ஏன் இவ்வளவு வேகமாகப் போனது என்று தெரியவில்லை என்றார் டாக்டர். ஊரெல்லாம் ஸ்டோர்ப் புகை என்றது. நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நேற்று போடியிலிருந்து உன் மகள் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. டீ கொடுத்தேன், உன் கிளாசில். அந்த ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சித்தி, அந்த மிஷின் சும்மாதான கெடக்கு? எனக்குத் தாங்க. அம்மா மாதிரி நானும் வீட்ல இருந்துக்கிட்டே போட்டுப் பாக்குறேன். பிளாஸ்டிக் ரோலும் மிச்சம் இருக்குல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "ஒண்ணு மட்டும் அம்மா சொல்லிருக்கு. பிளாஸ்டிக் போடுறப்ப பக்கத்துல யாரையும் வச்சுக்கக் கூடாதாம். ஒங்களுக்கு அந்தப் புகை ஆகாது, தலை வலிக்கும், சொன்னாலும் கேக்க மாட்டீங்கன்னு டீ போட அனுப்பி விட்ருமாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

நீ புகையை மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டு என்னிடம் மறைத்தாய், என்னை வெளியே வைக்க. நான் காதால் கேட்டுவிட்டு உன்னிடம் மறைத்தேன், உன்னை உள்ளே வைக்க. இரண்டும் மறைத்ததுதான் என்று எவராவது எனக்குச் சமாதானம் சொன்னால் அறைந்துவிடுவேன்.

மிஷின் கெட்டுவிட்டது என்று ஒரு பொய் சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் வேறெங்காவது ஒரு பெட்டி வாங்குவாள். அவளுடையது ஒற்றை அறை வீடு, தொட்டிலில் குழந்தை. சொல்லிவிட்டேன். மதுரைப் போன், சன்னல், சாக்கு, டாக்டர் கேட்டது, எல்லாம்.

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "வெசம்னு தெரிஞ்சே வாங்குனீங்களா?" என்றாள்.

"ஆமா."

"அம்மாகிட்ட ஒரு வார்த்த..."

"சொல்லல."

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். டீயை முற்றத்தில் ஊற்றினாள். கிளாசைக் கழுவினாள். முந்தானையில் துடைத்து, குழந்தையின் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, வாரேன் என்றும் சொல்லவில்லை. ஜீப் ஸ்டாண்டு வரை அவள் நடந்து போவதை வாசலில் நின்று பார்த்தேன். உன் நடைதான்.

அந்தக் கிளாசையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

இப்போது என்னிடம் இருப்பது இந்தப் பெட்டியும் அதன் வாடையும்தான். மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். நீ மன்னித்துவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். நீ என்னை டீ போட அனுப்பிய ஒவ்வொரு தடவையும் நான் முனகிக்கொண்டு போனேனே, அதைச் சுமந்துகொண்டுதான் இனி இருக்கப்போகிறேன்.

வெளியே மறுபடியும் சாரல் பிடித்திருக்கிறது. இடுக்கில் திணித்த சாக்கை இன்று உருவி எறிந்தேன். சன்னல் திறந்தே கிடக்கிறது. மிச்சமிருந்த தாள்கள் நனைந்து ஓரம் சுருள்கின்றன. சுருளட்டும்.